கழற்ற மறுத்த சட்டை

உங்களில் பாதிப்பேர் மிதவைச் சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்குகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மீதிப்பேர் அதன்மேல் உட்கார்ந்து சோறு தின்கிறீர்களாம். வேலையை விட்டுப் போன கிழவனுக்கு எதற்கு இந்த வம்பு என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ஜொகூர் ஆற்றில் படகு ஓட்டியே தலை நரைத்தவன் நான். அந்த ஆற்றைப் பற்றி எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் நான் லேசில் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே ஆற்று வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் எல்லோரும் கிட்டே வந்து உட்காருங்கள்.

கயிற்றில் முடிச்சுப் போடுவதும் என்ஜினுக்கு எண்ணெய் விடுவதும் உங்களுக்குத் தானாக வந்துவிடும். அதைச் சொல்ல நான் வரவில்லை. எந்தச் சட்டையை வாங்குவது, அதை எப்படி வைத்துக்கொள்வது, ஆபத்து நேரத்தில் யார் போட்டுக்கொள்வது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கடைசியில் சொன்னதுதான் ரொம்பச் சிரமமானது.

கோத்தா திங்கி ஊருக்கு மேலே ஆற்றை ஒட்டியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் படகு ஓட்டும் சுக்கானியாக இருந்தேன். ரப்பர் ஷீட்டை லாஞ்சு என்கிற என்ஜின் படகில் ஏற்றிக்கொண்டு கீழே போவோம். அரிசியும் மண்ணெண்ணெயும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மேலே வருவோம். வருடக் கடைசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் ஆறு தோட்டத்துக்குள் புகுந்துவிடும். அப்போது ஆள்களை ஏற்றிப் போய் மேட்டில் விடுவதும் எங்கள் வேலைதான். லாஞ்சு நுழைய முடியாத இடத்துக்கென்று ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த ஒல்லியான தோணி ஒன்று வைத்திருந்தோம். அதில் நானும் பாக் மாட்டும் துடுப்புப் போடுவோம். பாக் மாட் எதிர்க்கரைக் கம்பத்துக்காரர், மலாய்க் கிராமத்து ஆள். தோட்டத்தில் பழகிப் பழகி நன்றாகத் தமிழ் பேசுவார். திட்டுவதற்கு மட்டும் மலாய் வைத்திருந்தார்.

ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் துரை என்னைக் கூப்பிட்டு, சிங்கப்பூருக்குப் போய் மிதவைச் சட்டை வாங்கிவரச் சொன்னார். எதை வாங்குவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதையாவது சொல்லித் தொலைத்திருப்பார்.

சிங்கப்பூரில் கப்பல் சாமான் கடை வைத்திருந்தவர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் நானாதான். அவர் முதலில் எடுத்துப் போட்டது தக்கைச் சட்டை. கித்தானுக்குள் பெரிய பெரிய தக்கைக் கட்டைகளை வரிசையாக வைத்துத் தைத்திருந்தார்கள்.

“இதத்தான் எல்லாக் கப்பல்காரனும் வாங்கிட்டுப் போறான். வருசக்கணக்காக் கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது,” என்றார்.

நான் அதை மாட்டிக்கொண்டு கடைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். மூலையில் நீளக் காம்பு போட்ட துடைப்பம் ஒன்று நின்றது. அதை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடுப்புப் போட ஆரம்பித்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“சாமான் வாங்க வந்தியா, கடையக் கூட்ட வந்தியாப்பா?” என்றார் நானா.

எனக்கென்ன வெட்கம்? தோணியில் உட்காரப்போவது நான்தானே. அந்தச் சட்டையில் கை முன்னால் போகவே இல்லை. குனிந்தால் மேல் கட்டை மோவாயில் இடித்தது. பிறகு எழுந்து நின்று, “நானா, தோள்பட்டையப் புடிச்சு நல்லா மேல தூக்குங்க,” என்றேன்.

“நீ என்ன கைக்கொழந்தையா, தூக்குறதுக்கு?” என்று சிரித்தாலும் தூக்கினார். சட்டை காது வரைக்கும் ஏறிவிட்டது. நான் கீழே, சட்டை மேலே. தண்ணீரிலும் அதுதான் நடக்கும். சட்டை மிதக்கும், உள்ளே இருந்தவன் போய்விடுவான்.

அடுத்து இலவம்பஞ்சு அடைத்த சட்டையைப் போட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. நாடாவை விலாவில் இறுக்கிக் கட்டினால் உடம்போடு ஒட்டிக்கொண்டது. கை இரண்டும் தடையில்லாமல் சுழன்றன. நானா தோளைப் பிடித்து இழுத்தபோது சட்டையோடு நானும் எழும்பினேன். இதுதான் சட்டை என்று முடிவு செய்தேன். கப்பலில் இருந்து குதிக்கிறவனுக்கு வேறு சட்டை சரியாக இருக்கலாம். உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவனுக்கு, துடுப்புப் போட்டுப் பார்க்காமல் சட்டை வாங்காதீர்கள். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

இலவம்பஞ்சுக்கு இரண்டு எதிரி. ஒன்று ஈரம், இன்னொன்று உங்கள் பிட்டம். பஞ்சுக்குள் காற்று இருக்கிறவரைக்கும்தான் அது மிதக்கும். தினமும் நசுக்கினால் வெறும் மூட்டைதான். தலையணையை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்.

இனி ரங்கசாமியின் கதைக்கு வருகிறேன். ரங்கசாமி எங்கள் தோட்டத்துப் புகைக்கூடத்தில் தலைமையாள். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்தும் இடம் அது. நல்ல உழைப்பாளி, என்னைவிட இளையவன், வார்த்தைக்கு வார்த்தை அண்ணே என்பான். ஒரே ஒரு குறை, எதைப் பார்த்தாலும் அதைச் சும்மா விடமாட்டான். ஓட்டைக் குடையா, ரப்பர் பால் தடவுவான். கிழிந்த செருப்பா, ரப்பர் பால் தடவுவான். நாங்கள் வாங்கிவந்த சட்டைகள் ஒரு மழைக்காலம் நனைந்து ஈர வாடை அடிக்க ஆரம்பித்ததும் அவனுக்குக் கை பரபரத்தது.

“எங்கிட்ட விடுங்கண்ணே. பால் தடவி ரெண்டு நாள் பொகைல போட்டு எடுத்தா, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது,” என்றான்.

என் சட்டையையும் பாக் மாட்டின் சட்டையையும் நான் தரவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. என் சாமானை யாராவது தொட்டால் எனக்குப் பிடிக்காது. என்னுடையதும் அவருடையதும் எப்போதும் அவரவர் வீட்டு ஆணியில் தொங்கும். படகில் ஏறி வருகிறவர்களுக்காக வைத்திருந்த மற்ற ஆறு சட்டைகளையும் ரங்கசாமி எடுத்துக்கொண்டு போனான்.

திரும்பி வந்தபோது அவை தேன் நிறத்தில் மினுமினுத்தன. தண்ணீர் ஊற்றினால் வழிந்து ஓடியது. ஆற்றில் போட்டோம், அருமையாக மிதந்தன. துரை ரங்கசாமியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். லாஞ்சில் என்ஜினை ஒட்டியிருந்த பெட்டிக்குள் ஆறையும் அடுக்கி மூடினார்கள். வெயில்காலம் முழுவதும் அவை அந்தச் சூட்டிலேயே கிடந்தன. அடுக்கிவைத்த ரப்பர் ஷீட் சூட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும் என்பது அந்தத் தோட்டத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நாங்கள் அதைச் சட்டையாகத்தான் பார்த்தோம், ரப்பராகப் பார்க்கவில்லை. எந்நேரமும் ரப்பரிலேயே கிடக்கிற எங்களால் மட்டும்தான் இப்படி ஒரு தவறைச் செய்ய முடியும்.

அடுத்த மழையில் ஆறு ஒரே காலையில் ஏறியது. ரங்கசாமியும் அவனுடைய ஆள்களும் புகைக்கூடத்திலிருந்து ஷீட்டை எடுத்து லாஞ்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் கீழ் லயத்தில், தோட்டத்து ஆள்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்குள், தண்ணீர் புகுந்துவிட்டது. லயத்துச் சனங்கள் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். ரங்கசாமியின் மனைவி செல்லம்மா மட்டும் சின்ன மகளுக்குக் காய்ச்சல் என்று, கணவன் வந்து தூக்கிக்கொண்டு போவான் எனக் காத்திருந்தாள். அவன் போவதற்குள் வழி அடைபட்டுவிட்டது. நாங்கள் லாஞ்சைத் திருப்பிக்கொண்டு போனபோது, செல்லம்மா இரண்டு பெண்பிள்ளைகளோடு லயத்தின் தகரக் கூரைமேல் உட்கார்ந்திருந்தாள். கூரையின் ஒரு பக்கம் ஏற்கெனவே சாய்ந்திருந்தது.

லாஞ்சு அதற்குமேல் போகாது. ரப்பர் மரங்களுக்கு நடுவே தண்ணீர் வரிசை வரிசையாகச் சீறிக்கொண்டு ஓடியது. லயத்துக்கு மேல்புறமாக நங்கூரம் போட்டு நின்றோம். தோணியை இறக்க வேண்டியதுதான். பிள்ளைகளுக்கும் செல்லம்மாவுக்கும் சட்டை எடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன்.

பெட்டிக்குள் சட்டைகள் இல்லை. ஒரே ஒரு கட்டி இருந்தது. ஆறும் ஒட்டி, உருகி, எது கை எது கழுத்து என்று தெரியாமல் ஒன்றாகிவிட்டன.

“அலமாக்!” என்றார் பாக் மாட். அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் இங்கே சொல்லமாட்டேன்.

ரங்கசாமி பால் வெட்டும் கத்தியை எடுத்து அறுக்க ஆரம்பித்தான். கித்தான் கிழிந்து பஞ்சு வெளியே பறந்ததுதான் மிச்சம். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு என் மார்பில் இருந்த சட்டையைப் பார்த்தான், பாக் மாட்டின் சட்டையையும் பார்த்தான்.

“அண்ணே, அந்த ரெண்டையும் கழட்டிட்டு எடுத்துட்டுப் போங்க. எம்புள்ளைங்களுக்குப் போட்டு விடுங்க. ஒங்களுக்குத்தான் நல்லா நீந்தத் தெரியுமே.”

“கழட்ட மாட்டேன்,” என்றேன்.

“ரெண்டும் பச்சப் புள்ளைங்கண்ணே!”

“அதனாலதான் கழட்ட மாட்டேங்குறேன்.”

தம்பிகளே, அந்த இடத்தில் உங்களை நிறுத்திப் பாருங்கள். லாஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என்ஜின்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ரங்கசாமி என் காலைப் பிடித்தான். நான் அசையவில்லை என்றதும் எழுந்து, “நீயெல்லாம் மனுசனா? உன் உசுருதான் உனக்கு வெல்லமா? கோழைப் பய!” என்று கத்தினான். அதுவரை என்னை நீ என்று அவன் சொன்னதே இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. அவனை அடித்திருப்பேன், ஆனால் அதற்கு நேரம் இல்லை.

ஏன் கழற்றவில்லை என்று அவனுக்கு விளக்கவும் நேரம் இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அந்தச் சட்டைகள் பெரிய ஆளுக்கு அளவானவை. எவ்வளவு இறுக்கினாலும் சின்னப் பிள்ளையின் உடம்பில் நிற்காது. பிள்ளை கையைத் தூக்கினால் கீழ்வழியே நழுவிப்போய்விடும். அது ஒரு காரணம். இன்னொன்று, தோணி கவிழ்ந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே மிதவை நான்தான். நானே மூழ்கினால் அவர்கள் எதைப் பிடிப்பார்கள்? காப்பாற்றப் போகிறவன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பது பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது.

“அப்பிடின்னா நானும் தோணில வர்றேன்,” என்றான் ரங்கசாமி.

“சட்டை இல்லாம ஒருத்தனும் தோணில ஏற முடியாது. நீ லாஞ்சிலேயே கயிறோட நில்லு.”

“அப்ப அந்தக் கட்டியையாவது கயிறு கட்டி விடு. செல்லம்மா புடிச்சுக்குவா!” என்று அழுதான்.

அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டேன். செல்லம்மா அதைப் பிடிப்பாள் என்று நம்பி அல்ல. தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று பார்க்க எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. கட்டியைக் கயிற்றில் கட்டி லயத்தை நோக்கி விட்டோம். அது நேராகக் கூரைக்குத்தான் போவதுபோல் இருந்தது. ரங்கசாமி, “புடி செல்லம்மா, புடி!” என்று கத்தினான். கூரைக்குச் சற்று முன்னால் திடீரென்று பக்கவாட்டில் இழுபட்டு, சாய்ந்து கிடந்த இரண்டு ரப்பர் மரங்களுக்கு அடியில் போனது. மறுபடி மேலே வரவில்லை. கயிறு விறைத்துப்போய் லாஞ்சையே இழுத்தது. வெட்டிவிட்டோம்.

“அந்தப் பக்கம் ஆறு நல்லா இல்ல லா,” என்றார் பாக் மாட்.

நாங்கள் நேர்வழியில் போயிருந்தால் அந்த மரத்தடியில்தான் இருந்திருப்போம். சட்டை போட்டிருந்தாலும் அங்கே ஒன்றும் நடக்காது, மரத்துக்கு அடியில் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதையும் நினைவில் வையுங்கள். சட்டை உங்களை மிதக்கத்தான் வைக்கும், புத்தியைக் கொடுக்காது.

லயத்துக்குக் கீழே, தண்ணீர் போகும் திசையில், அரிசி ஸ்டோர் இருந்தது. செங்கல் சுவர், அசையாமல் நின்றது. அதன் பின்புறத்தில் தண்ணீர் வேகமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. லாஞ்சை மெல்ல இறக்கி ஸ்டோருக்குக் கீழே நிறுத்தச் சொன்னேன். அங்கிருந்து தோணியில் ஏறி, சுவரை ஒட்டி ஒட்டிக் கீழிருந்து மேலாகத் துடுப்புப் போட்டோம். கை வலித்தது என்று சொன்னால் போதாது, தோளே கழன்றுவிடும் போல இருந்தது. கூரை ஓரத்தைப் பாக் மாட் பிடித்துக்கொண்டார்.

“மொதல்ல புள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்கண்ணே. அஞ்சு பேரையும் இந்தத் தோணி தாங்காதில்ல,” என்றாள் செல்லம்மா. அவள் குரலில் நடுக்கமே இல்லை. சின்னவளை என் கையில் கொடுத்தபோது மட்டும் அவளுடைய விரல்கள் பிள்ளையின் பாவாடையை விட மறுத்தன. நான்தான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. “திரும்பி வருவேன்மா,” என்றேன்.

பாதி வழியில் ஒரு மரக்கட்டை அடியில் வந்து மோதியது. தோணி அப்படியே புரண்டது.

தண்ணீருக்குள் போனபோது சின்னவள் என் கை இடுக்கில்தான் இருந்தாள். பெரியவள் எப்படியோ என் கழுத்துப் பட்டியைப் பிடித்திருந்தாள். அவளையும் இன்னொரு கையால் சேர்த்து அணைத்துக்கொண்டேன். இப்போது நீந்துவதற்கு எனக்குக் கையே இல்லை. ஊரிலேயே பெரிய நீச்சல்காரன் என்று பெயர் வாங்கியவன் நான். அந்த நீச்சல் அன்று ஒரு காசுக்கு உதவவில்லை. மூன்று பேரையும் அந்த இலவம்பஞ்சுதான் தூக்கியது. மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே, அவ்வளவுதான். பயமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது, யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை.

பாக் மாட் ஒரு கையால் கவிழ்ந்த தோணியையும் இன்னொரு கையால் என் சட்டையின் தோள்பட்டையையும் பிடித்துக்கொண்டு காலை உதைத்தார். அவரும் சட்டை போட்டிருந்ததால்தான் அவருக்கும் ஒரு கை மிச்சமிருந்தது. ஸ்டோருக்குப் பின்னால் இருந்த மெதுவான தண்ணீர் எங்களைச் சுற்றி இழுத்து லாஞ்சின் பக்கம் தள்ளியது. ரங்கசாமி கயிற்றை வீசினான். முதல் வீச்சிலேயே என் முகத்தில் விழுந்தது. பல்லால் கடித்துக்கொண்டேன்.

பிள்ளைகளை மேலே வாங்கினார்கள். பெரியவள் இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள். சின்னவள் அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்டதும் என்ஜின்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ரங்கசாமி இரண்டு பிள்ளைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நாங்கள் தோணியை நிமிர்த்தித் தண்ணீரை இறைத்தோம். கூரை இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. செல்லம்மா நடு முகட்டுக்கு ஏறிப்போய்க் காலை அகட்டி உட்கார்ந்து, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஏறியதை அவள் பார்த்துவிட்டாள் என்பது தெரிந்தது. கையை உயரத் தூக்கிக் காட்டினாள்.

நான் லாஞ்சில் இருந்த மாற்றுத் துடுப்பை எடுத்துக்கொண்டு தோணியில் இறங்கப் போனேன்.

“அண்ணே, நில்லுங்க,” என்றான் ரங்கசாமி.

பிள்ளைகளை என்ஜின்காரர் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான். எனக்கு இன்னும் அவன்மேல் கோபம் தீரவில்லை. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரில் நடந்த இழுபறியில் என் சட்டையின் ஒரு பக்க நாடா அவிழ்ந்து தொங்கியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அவன் மண்டியிட்டு அதை எடுத்தான். விலாவோடு சேர்த்து இழுத்து ஒரு முடிச்சுப் போட்டான். அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டான். பிறகு அடுத்த பக்கத்து நாடாவையும் அவிழ்த்து முதலிலிருந்து கட்டினான்.

“இறுக்கமா இருக்கா அண்ணே?” என்று கேட்டான்.

மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கியிருந்தான். நான் தளர்த்தவில்லை. அப்படியே போய்ச் செல்லம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.